கடன்பட்ட பக்தி: கேகாலைத் தோட்டங்களும் பல மதங்கள் வாழும் நாடும்

ஒரு சமூகம் தன் தெய்வத்துக்கு உண்மையாக இருப்பதும், வேறு தெய்வங்களை வணங்குவோருடன் ஒரே நாட்டில் நேர்மையாக வாழ்வதும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலா? இலங்கையில் இந்தக் கேள்வியைக் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் வைத்தே பெரும்பாலும் பேசுகிறோம். கேகாலையை வைத்துப் பேசினால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கேகாலை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 8 இலட்சத்து 40 ஆயிரம். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பௌத்தர்கள். மீதிப் பேரில் முஸ்லிம்கள் இருக்கிறார்கள், மலையகத் தமிழ் இந்துக்கள் இருக்கிறார்கள், கத்தோலிக்கரும் பிற கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். நுவரெலியாவில் தோட்டத் தமிழருக்கு எண்ணிக்கையே ஒரு பலம். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல, புளத்கொஹுபிட்டிய பக்கத்துத் தோட்டங்களில் அந்தப் பலம் கிடையாது. றப்பர் மலையைத் தாண்டினால் சிங்களக் கிராமம், அதைத் தாண்டினால் இன்னொரு தோட்டம். எண்ணிக்கையும் நிலமும் இல்லாமல், நெடுங்காலம் குடியுரிமையும் இல்லாமல், இந்த மக்கள் தங்கள் சாமியை விடாமல் வைத்திருக்கிறார்கள். எதைப் பிடித்துக்கொண்டு என்பதுதான் இக்கட்டுரை ஆராயும் விஷயம்.

சிறுபான்மைச் சமய சமூகங்களுக்கு வழக்கமாக மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. பெரும்பான்மைக்குள் சத்தமில்லாமல் கரைந்துவிடுவது ஒன்று. சுவர் எழுப்பி உள்ளே இருந்துகொள்வது இன்னொன்று. அரசின் தயவை நாடி அதன் நிழலில் ஒதுங்குவது மூன்றாவது. கேகாலைத் தோட்டங்களின் வரலாறு இந்த மூன்றையும் சோதித்துப் பார்த்திருக்கிறது. மூன்றுமே போதாது என்பதும், நான்காவது ஒரு வழி அந்த மக்களின் நடைமுறையிலேயே இருக்கிறது என்பதும் என் வாதம்.

மரத்தடிக் கல்லிலிருந்து கோபுரம் வரை

தோட்டத்துக் கோயில்களை எந்த அரசனும் கட்டவில்லை. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னால் வந்தவர்கள் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, மாரியம்மா என்று கும்பிட்டார்கள். கூடவே முனியாண்டியும் மாடசாமியும் மதுரைவீரனும் வந்தார்கள். புதிய மண்ணில் புதிய சாமிகளும் பிறந்தன. தொழிற்சாலை இயந்திரத்துக்குக் காவலாக ரோதைமுனி வந்தது. தேயிலை வெட்டுக்கு இறங்குமுன் கும்பிட கவ்வாத்துச்சாமி வந்தது. ஊர்ச்சாமியைக் கொண்டுவந்ததோடு நிற்காமல், தாங்கள் உழைத்த இடத்தையும் அதன் ஆபத்தையும் சாமியின் காவலில் ஒப்படைத்தார்கள். அந்நிய மண்ணை வாழிடமாக ஏற்றுக்கொண்டதன் முதல் அடையாளம் இது.

கோயிலை நிற்க வைத்தது கூட்டுப் பணம். செக்ரோலில் பேர் உள்ள ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் கோயில் சந்தா பிடிப்பது தோட்டங்களில் நெடுநாள் வழக்கம். தலைவர்மாரும் கோயில் கமிட்டியும் கூடித் திருவிழாவுக்கு நாள் குறிப்பார்கள். காப்புக் கட்டியதும் தோட்டமே விரதத்துக்குள் போகும். கரகம் பாலித்து, பால்குடம் எடுத்து, காவடி தூக்கி, தீ மிதித்து, கடைசி நாளில் தேர் லயம் லயமாக வரும். ஒவ்வொரு லயத்து வாசலிலும் கோலமும் நிறைகுடமும் காத்திருக்கும். பிள்ளை பிழைத்ததற்கு ஒருத்தி, வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன மகள் நல்லபடி திரும்பியதற்கு இன்னொருத்தி என்று நேர்த்திகள் தனித்தனிதான். அவற்றைத் தீர்க்கும் இடமும் நாளும் எல்லோருக்கும் பொது.

மாசி மாதத்துக் காமன் கூத்தும் அப்படியே. ரதியும் மன்மதனும் சிவனும் தோட்டத்து ஆட்களே. வேஷம் கட்டுவோர் விரதம் காக்க வேண்டும். சில பாத்திரங்கள் குடும்பத்துக்கு உரியவை, தகப்பனுக்குப் பின் மகன் ஏற்பான். எழுத்தறிவு மறுக்கப்பட்ட காலத்தில் புராணம் தலைமுறை தாண்டி வந்த வழி இது.

அண்மைக் காலத்தில் பல மரத்தடிக் கோயில்கள் ஆகம முறைக் கோயில்களாகி, கோபுரம் எழுந்து, கும்பாபிஷேகம் கண்டிருக்கின்றன. பலி நின்று, குருக்கள் வந்திருக்கிறார். இதில் பெருமையும் உண்டு, இழப்பும் உண்டு. பழைய சாமியாடிக்கும் தப்புக்காரருக்கும் புதிய கோயிலில் என்ன இடம் என்பதைப் பல தோட்டங்கள் இன்னும் தீர்க்கவில்லை.

நாடு கைவிட்ட காலத்தில்

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன புகழ்பெற்ற கோடாகன் பிள்ளை வழக்கு கேகாலை மாவட்டத்தின் ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் இடாப்பிலிருந்து எழுந்தது. எந்தச் சமூகத்துக்கும் மதத்துக்கும் தனிப்பட்ட பாதகம் விளைவிக்கும் சட்டம் செல்லாது என்று சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு சொல்லியிருந்தது. ஆனாலும் 1953இல் லண்டன் பிரிவிக் கவுன்சில், குடியுரிமைச் சட்டம் அந்தப் பிரிவை மீறவில்லை என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மையைக் காக்கும் காகித வாசகம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு முதல் பாடம் கேகாலை மண்ணிலிருந்தே கிடைத்தது.

1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கெடுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. அண்ணன் இங்கே, தம்பி நீலகிரியில் என்று குடும்பங்கள் உடைந்தன. கமிட்டிக்காரர் போனார், கரகம் தூக்குபவர் போனார். இருந்தவர்கள் திருவிழாவை விடவில்லை.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அந்த ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்ட மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். 1977 ஓகஸ்டிலும் 1981இலும் 1983 ஜூலையிலும் கேகாலையை உள்ளடக்கிய சபரகமுவ மாகாணத்தின் தோட்டங்கள் தாக்கப்பட்டன. லயங்கள் எரிந்தன. எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் அதற்கு வடக்கேயும் அகதிகளாகப் போயின. எஞ்சியவர்கள் திரும்பிவந்து, வீட்டோடு கோயிலையும் சீர்செய்தார்கள்.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது ஒன்று. தாக்கப்பட்டபோதும் தோட்டத்துப் பக்தி பழிவாங்கும் பக்தியாகவில்லை. மாரியம்மாளின் பேரில் அயல் கிராமத்து விகாரைக்கு எதிராக ஒரு படை எழவில்லை. எண்ணிக்கை குறைவு, பயம் அதிகம் என்று இதற்குக் காரணம் சொல்லலாம். அது உண்மையின் ஒரு பகுதிதான். தோட்டத்துச் சமயத்தின் கட்டமைப்பே வேறு மாதிரியானது. சாமிக்கு நான் பட்ட கடனைத் தீர்க்க வேண்டும் என்பதே அதன் மையம். கடனாளியின் பார்வை முழுவதும் தான் கொடுக்க வேண்டியதன் மேல் இருக்கும். அடுத்தவன் என் சாமிக்கு என்ன தர வேண்டும் என்று அவன் கணக்குப் பார்ப்பதில்லை.

யாப்பும் நீதிமன்றமும்

சட்டத்தின் நிலை வேறு. 1972இன் யாப்பு 29(2)ஐக் கைவிட்டு, பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. 1978இன் யாப்பு, 9ஆம் உறுப்புரையில் பௌத்த சாசனத்தைப் பாதுகாத்துப் பேணுவதை அரசின் கடமையாக்கியது. கூடவே 10ஆம் உறுப்புரையும் 14(1)(உ) உறுப்புரையும் எல்லா மதத்தவர்க்கும் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் வழிபாட்டுச் சுதந்திரத்தையும் உறுதி செய்கின்றன. முதன்மையும் சமத்துவமும் ஒரே ஏட்டில் இருப்பதால், எது எப்போது மேலோங்கும் என்பது நீதிபதிகளின் கையில் இருக்கிறது.

2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கும் மசோதா யாப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ஐ.நா. மனித உரிமைகள் குழு 2005இல் அந்த முடிவு மதச் சுதந்திரத்தை மீறுவதாகக் கண்டது. மறுபுறம், 2004இல் ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த மதமாற்றத் தடை மசோதாவின் சில பிரிவுகளை யாப்புக்கு முரணானவை என்று அதே உயர் நீதிமன்றம் தடுத்தது. அரசின் நிழல் ஒரு நாள் இந்தப் பக்கமும் மறுநாள் அந்தப் பக்கமும் சாயும். அதை நம்பி ஒரு சமூகம் தன் சமய வாழ்வை அமைக்க முடியாது. அதற்காக உரிமைப் போராட்டத்தை விட்டுவிடவும் முடியாது. தோட்டக் கோயில்கள் பல நிற்கும் நிலம் இன்றும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கிறது, மக்கள் பெயரில் உறுதி இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட இடத்துக்குப் பத்திரம் கேட்பது யாரிடமிருந்தும் எதையும் பறிப்பதாகாது.

சிலுவையைச் சுமந்தவர்கள்

தோட்டத்துக் கிறிஸ்தவம் வேறொரு சோதனையைக் கடந்துவந்தது. 1854இல் அங்கிலிக்கன் திருச்சபைச் சங்கத்தார் தோட்டத் தொழிலாளருக்கென்று தமிழ் மிஷனைத் தொடங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். துரைமாரின் பண உதவியும் இருந்தது. துரையின் மதம் என்ற சந்தேகத்தோடு பிறந்த சபை, தொழிலாளியின் சபையாக மாற நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

அந்த மாற்றத்தின் அடையாளங்கள் 1970களிலும் 1980களிலும் தெரிந்தன. 1972இல் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் தொடங்கிய சத்யோதயா, தோட்ட மக்களின் பசியையும் உரிமையையும் மறைக் கடமையாக எடுத்துக்கொண்டது. குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1983 கலவரத்துக்குப் பின் தன் மறைமாவட்டத்தாரிடம் பேசியபோது, சிங்களவர் வெட்கப்பட்டுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் மறைந்தார். பெரும்பான்மை இனத்தில் பிறந்த ஒருவர் இறைவனுக்கு உண்மையாயிருக்கத் தன் இனத்தின் தவறைச் சொல்ல வேண்டியிருந்தது. சமூக விசுவாசத்துக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. கத்தோலிக்கரைப் பொறுத்தவரை, 1995இல் காலி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்த இரத்தினபுரி மறைமாவட்டம் கேகாலையையும் உள்ளடக்குகிறது. தமிழிலும் சிங்களத்திலும் ஆராதனை நடக்கும் சபைகளில் ஒரே நற்கருணையை இரு இனத்தாரும் பெறுகிறார்கள். இது நாட்டில் எளிதாகக் கிடைக்காத வாய்ப்பு.

புதிய ஜெப வீடுகளின் வருகை லயங்களுக்குள் உரசலையும் கொண்டுவந்திருக்கிறது. திருவிழாச் சந்தா தரமாட்டேன் என்று ஒரு குடும்பம் சொன்னால், அது விசுவாசமா, ஊரோடு ஒட்டாமையா என்று சண்டை வருகிறது. சந்தா இறைக்கடன் என்றால் அதை இன்னொரு நம்பிக்கைக்காரரிடம் வற்புறுத்த முடியாது. மரண வீட்டுச் செலவும் பாதை வேலையும் ஊர்க்கடன். அதிலிருந்து யாரும் விலகவும் முடியாது. இந்த இரண்டையும் பிரித்து எழுதிய தோட்டங்களில் உரசல் தணியும்.

மாவனல்லை தரும் பாடம்

கேகாலை மாவட்டத்தின் மாவனல்லை முஸ்லிம்கள் மிகக் கடினமான சோதனையைக் கண்டவர்கள். 2001 மே மாத வன்முறையில் அவர்களுடைய கடைகளும் வீடுகளும் எரிந்தன, பள்ளிவாசலும் தப்பவில்லை. 2018 டிசம்பரில் அதே பகுதியில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அதன் பின்னிருந்த இளைஞர்களின் வலை, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடத்தியவர்களோடு தொடர்புடையது என்று பின்னர் வெளிவந்தது.

அந்த விசாரணைக்கு உதவியவர்களில் மாவனல்லையைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவரும் இருந்தார். 2019 மார்ச்சில் அவர் தன் வீட்டிலேயே சுடப்பட்டு, படுகாயத்தோடு உயிர் பிழைத்தார். சுவர் எழுப்பும் பக்தி எங்கே போய் முடியும் என்பதை அந்த இளைஞர்களும், இறைவனுக்கு உண்மையாயிருப்பது என்ன விலை கேட்கும் என்பதை அந்த மனிதரும் காட்டினார்கள். இரு தரப்பாரும் ஒரே மதத்தவர், ஒரே ஊரார்.

அடுத்த ஆண்டே அரசு இன்னொரு காயத்தை ஏற்படுத்தியது. கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்ற கட்டாயம் 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை நீடித்தது. அடக்கம் செய்வது மார்க்கக் கடமை என்று நம்பும் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளையும் பெற்றோரையும் நெருப்புக்குக் கொடுத்தன. ஒரு சமூகத்தின் இறைக்கடனை அரசு தடுத்தபோது மற்றச் சமூகங்கள் உரக்கப் பேசியிருக்க வேண்டும். போதிய அளவு பேசவில்லை.

அயலாரும் அவர்களுடைய தெய்வங்களும்

பௌத்த அயலாரைப் பகையாக மட்டும் வரைவது பொய்யாகிவிடும். சிங்களப் பௌத்தரும் பத்தினித் தெய்வத்துக்கு நேர்த்தி வைக்கிறார்கள். மாவனல்லைக்கு அருகே அலுத்நுவரவில் தெடிமுண்ட தெய்வத்தின் தேவாலயம் இருக்கிறது. சபரகமுவவின் காவல் தெய்வமான சமன் உறையும் மலையை நாம் சிவனொளிபாதம் என்கிறோம், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதமின் மலை என்கிறார்கள். தோட்டத்துத் தேர் கடைவீதிக்கு இறங்கினால் சிங்கள முதலாளிமார் அர்ச்சனைத் தட்டோடு நிற்பதும், வெசாக் தன்சலில் தோட்டப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதும் வழக்கமான காட்சிகள். 2016 மே மாதத்தில் அரநாயக்க சாமசர மலை சரிந்தபோதும், புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்தில் மண் சரிந்து லயத்தாரைப் புதைத்தபோதும், மதம் பார்த்து மண் அள்ளியவர் யாருமில்லை.

இந்த நல்லுறவு போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அர்ச்சனைத் தட்டுப் பழக்கம் 1977ஐயும் 1983ஐயும் தடுக்கவில்லை. விழாநாள் அன்புக்குப் பின்னால் நீதியும் இருந்தால்தான் கலவர நாளில் அது தாங்கும். அதற்குப் பௌத்த மரபிலேயே பெரிய ஆதாரம் இருக்கிறது. மகிந்தரை இலங்கைக்கு அனுப்பிய அசோகர் தன் பன்னிரண்டாம் பெரும் பாறைக் கல்வெட்டில், தன் சமயத்தை உயர்த்தப் பிற சமயத்தைத் தாழ்த்துபவர் தன் சமயத்துக்கே கேடு செய்கிறார் என்ற கருத்தை வெட்டிவைத்தார். சாசனத்தைப் பேணும் கடமையை இந்தக் கல்வெட்டின் வெளிச்சத்தில் வாசிக்கும்படி பௌத்த நண்பர்களை அழைப்பதற்கு நமக்கு உரிமை உண்டு. உலகின் வேறு மரபுகளிலும் இதே குரல் இருக்கிறது. பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட யூதருக்கு எரேமியா எழுதிய கடிதம், தாங்கள் வாழும் நகரத்தின் நலனுக்காகப் பிரார்த்திக்கச் சொன்னது. மதீனாவின் சாசனம் முஸ்லிம்களையும் யூதர்களையும் ஒரே நகரத்தின் பொறுப்பாளராக்கியது.

உள்வீட்டுக் கணக்கு

வெளியாரிடம் கேட்பதை நமக்குள்ளும் கேட்க வேண்டும். தப்பு அடிக்காமல் கரகம் நகராது, சாமி இறங்காது. ஆனால் தப்பு அடிப்பவரின் சாதியைச் சொல்லி அவரை ஒதுக்கி நிறுத்திய கோயில்கள் நம்மிடம் இருந்தன, இன்னும் இருக்கின்றன. பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் சந்தா கட்டுவோரில் பெண்களே பெரும்பங்கு. கமிட்டிக் கூட்டத்தில் அவர்களுடைய பேர் இல்லை. திருவிழா இரவின் சாராயம் வீட்டில் விடியும்போது அடி வாங்குவதும் அவர்களே. சாமிக்குக் கடன்பட்டவர்கள் எல்லோரும் என்றால், அந்தக் கடனில் உயர்வு தாழ்வு இருக்க முடியாது.

பிள்ளைகளின் நிலை இன்னும் அவசரமானது. தமிழ்ப் பாடசாலை எட்டாத தூரத்தில் இருப்பதால் கேகாலையில் கணிசமான தோட்டப் பிள்ளைகள் சிங்களப் பாடசாலைக்குப் போகிறார்கள். சிங்களம் படிப்பது நல்லது, அது அவர்களை நாட்டோடு சேர்க்கும். இலங்கையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் மதத்தைப் பாடமாகப் படிக்கலாம். ஆனால் சைவநெறி படிப்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளை பௌத்த வகுப்பிலேயே உட்கார்கிறது. யாரும் வற்புறுத்தாமலே ஒரு தலைமுறை கரைந்துவிடுகிறது. இதற்குப் பௌத்தரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பைத் தமிழிலும், தேவைப்படும் இடத்தில் சிங்களத்திலும் நடத்துவது நம் வேலை. தன் சாமியின் கதையைச் சிங்களத்தில் சிங்கள நண்பனுக்குச் சொல்லத் தெரிந்த பிள்ளை, தன் நம்பிக்கையையும் இழக்காது, நண்பனையும் இழக்காது.

செய்ய வேண்டியவை

இனி என்ன செய்வது? கோயிலும் தேவாலயமும் நிற்கும் நிலத்துக்குச் சட்டப்படி உறுதி கேட்க வேண்டும். தோட்டக் கோயில் கமிட்டிகளில் பெண்களுக்கும் தப்புக்காரர் குடும்பங்களுக்கும் வாக்குரிமையோடு இடம் தர வேண்டும். சந்தாவில் இறைக்கடன் எது, ஊர்க்கடன் எது என்று பிரித்து எழுத வேண்டும். ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் பிக்கு, குருக்கள், மௌலவி, கிறிஸ்தவக் குரு நால்வரும் மாதம் ஒருமுறையேனும் சந்திக்க வேண்டும். வதந்தி பரவும் இரவில் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைக்கும் அளவுக்கு அவர்களுக்குள் பழக்கம் இருக்க வேண்டும். ஒரு சமூகத்தின் சடங்கு தடுக்கப்பட்டால் முதலில் குரல் கொடுப்பது மற்ற மூன்று சமூகங்களாக இருக்க வேண்டும்.

2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் செத்துவிழுந்த பாதையில், பல மதத்தாரும் கூடவே நடந்தார்கள். அந்த முன்னோர் கொண்டுவந்தது ஒரு மரத்தடிக் கல்லையும் தீர்க்க வேண்டிய நேர்த்தியையும் மட்டுமே. அரசும் சட்டமும் கைவிட்டபோது அவர்களை ஒரு சமூகமாகப் பிடித்து வைத்தது அந்த நேர்த்திதான். கேகாலையில் எண்ணிக்கையால் நாம் எப்போதும் சிறியவர்களாகவே இருப்போம். சாமிக்குத் தர வேண்டியதை முழுதாகத் தந்து, லயத்துக்குள் எல்லோரையும் சமமாக நிறுத்தி, அயலாரின் கடனைத் தீர்க்கவும் அவர்களுக்குத் துணை நின்றால், அந்தச் சிறுமை நம்மைக் குறுக்காது. தொடக்கத்தில் சொன்ன நான்காவது வழி இதுதான். பல மதங்கள் வாழும் நாட்டில் ஒரு சமூகம் இறைவனுக்கு உண்மையாயிருப்பது இப்படித்தான் என்று இலங்கைக்குச் சொல்ல, இருநூறு ஆண்டு அனுபவம் நம் கையில் இருக்கிறது.